உருளைக்கிழங்கு வயலில் எழுந்த ஊர்

பாடம் 7: உரைநடை

நுழையும்முன்

நாம் குடியிருக்கும் தெருவுக்கும் ஒரு முன்கதை உண்டு. இன்று அடுக்குமாடி வீடுகளும் அரசு ஊழியர் குடியிருப்புகளும் கடைவீதிகளும் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல்லோ கோதுமையோ கடுகோ விளைந்திருக்கக்கூடும். அந்த நிலம் எப்போது ஊராயிற்று? யார் அதை ஊராக்கினர்? யாருக்காக ஆக்கினர்? இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் நான்கே ஆண்டுகளில் வயல்வெளி ஊராக மாறிய வரலாற்றை இம்மூன்று வினாக்களோடு படிப்போம்.

1. புல்வெளியும் வயலும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க் நகருக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீவு லாங் ஐலண்ட். 'நீண்ட தீவு' என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப அதன் நீளம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அத்தீவில் ஹெம்ப்ஸ்டெட் சமவெளி என்னும் பரந்த புல்வெளி இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லே நிறைந்திருந்தது. மரங்களைக் காண்பது அரிது. ஓரிடத்தில் மட்டும் பைன் மரங்கள் கூட்டமாக நின்றன. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அவை புற்கடலின் நடுவே ஒரு தீவுபோல் தோன்றின. அதனால் அப்பகுதி 'ஐலண்ட் ட்ரீஸ்', அதாவது 'தீவு மரங்கள்', என்று பெயர் பெற்றது.

அந்நிலத்தில் முதலில் வாழ்ந்தவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வந்து குடியேறினர். நிலம் அவர்கள் கைக்கு மாறியது. அவர்கள் புல்வெளியில் ஆடுமாடுகளை மேய்த்தனர். காலப்போக்கில் மேய்ச்சல் நிலம் உழவு நிலமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் செழித்த பயிர்களுள் முதன்மையானது உருளைக்கிழங்கு. நியூயார்க் நகரத்துச் சந்தை அருகிலேயே இருந்ததால் விளைந்ததை விற்பதும் எளிதாயிற்று.

சமவெளி என்பதால் அங்கு விமான நிலையங்களும் தோன்றின. 1927ஆம் ஆண்டு மே மாதம் சார்லஸ் லிண்ட்பர்க் தனியொருவராக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பாரிஸ் சென்றடைந்தார். அவருடைய விமானம் புறப்பட்ட ரூஸ்வெல்ட் களம் இச்சமவெளியிலேயே இருந்தது. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளும் அருகில் பெருகின.

இந்நிலையில் உழவர்களுக்கு ஓர் இடர் வந்தது. 1941ஆம் ஆண்டு உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு அங்குள்ள வயல்களில் கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இப்புழு மண்ணில் பல்லாண்டுகள் தங்கியிருந்து விளைச்சலைக் குறைக்கும். ஒரு வயலில் புகுந்துவிட்டால் அதை முற்றிலும் ஒழிப்பது கடினம். விளைச்சல் குறையக் குறைய, நல்ல விலை கிடைத்தால் நிலத்தை விற்றுவிடலாம் என்னும் எண்ணம் உழவர்களிடையே வளர்ந்தது.

தெரிந்து தெளிவோம்
தமிழ்நாட்டில் உருளைக்கிழங்குக்குப் பெயர்பெற்ற மலை நீலகிரி. அங்குள்ள வயல்களிலும் இதே நூற்புழு 1961ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதனைக் கட்டுப்படுத்த உழவர்கள் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் உருளைக்கிழங்கையே பயிரிடாமல் பயிர்ச்சுழற்சி செய்கின்றனர்.

2. வீடற்ற வீரர்கள்

இரண்டாம் உலகப்போர் 1945ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. அப்போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர். அவர்கள் இலட்சக்கணக்கில் தாயகம் திரும்பினர், திருமணம் செய்துகொண்டனர், குழந்தைகள் பிறந்தனர். ஆனால் குடியிருக்க வீடுகள் இல்லை. 1929ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தால் வீடு கட்டுவது குறைந்திருந்தது. அதன்பின் வந்த போரில் இரும்பும் மரமும் படைக்கே சென்றன. ஏறத்தாழ 15 ஆண்டுகள் போதிய வீடுகள் கட்டப்படாததன் விளைவு ஒரேயடியாக வெளிப்பட்டது.

போரில் வென்று திரும்பியவர்கள் பெற்றோர் வீட்டின் ஓர் அறையிலும், உறவினர் வீட்டிலும், படையினருக்காக அமைக்கப்பட்ட வளைவுக்கூரைத் தகரக் கொட்டகைகளிலும் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டனர். சிகாகோ நகரில் பழைய டிராம் வண்டிகள்கூட வீடுகளாகப் பயன்படுத்த விற்கப்பட்டன.

அமெரிக்க அரசு இரண்டு வழிகளில் உதவியது. 1934ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கூட்டரசு வீட்டுவசதித் துறை, வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளித்தது. 1944ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம் ஒன்று, போர்வீரர் வாங்கும் வீட்டுக் கடனுக்கு அரசே பிணை நிற்க வகை செய்தது. கடன் திரும்பி வாராவிடினும் இழப்பில்லை என்பதால் வங்கிகள் துணிந்து கடன் கொடுத்தன. இவ்வாறு கடன் கிடைத்தது, வாங்குவோரும் காத்திருந்தனர். விரைவாகவும் மலிவாகவும் வீடு கட்டித் தருவோரே தேவைப்பட்டனர்.

3. தந்தையும் மக்களும்

லெவிட் குடும்பத்தார் 1929ஆம் ஆண்டு வீடு கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். தந்தை ஆப்ரஹாம் லெவிட் வழக்கறிஞர். மரம், செடி, புல்தரை ஆகியவற்றில் பேரார்வம் உடையவர். மூத்த மகன் வில்லியம் வணிகத்தை நடத்தினார். இளைய மகன் ஆல்ஃபிரட் வீடுகளை வடிவமைத்தார். தொடக்கத்தில் வசதி படைத்தோருக்கே அவர்கள் வீடு கட்டினர். போர்க்காலத்தில் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் தொழிலாளர்களுக்காகப் பெருந்தொகையான வீடுகளை விரைந்து கட்டும் பணி அவர்களுக்குக் கிடைத்தது. வில்லியம் கடற்படையின் கட்டுமானப் பிரிவிலும் பணியாற்றினார். எளிய வீடுகளை ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் கட்டமுடியும் என்பதை இவ்வனுபவங்கள் அவர்களுக்குக் கற்பித்தன.

அவர்கள் ஐலண்ட் ட்ரீஸ் பகுதியின் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கினர். மேடு பள்ளமின்மை, வெட்ட வேண்டிய மரங்கள் இல்லாமை, நூற்புழுவால் விற்கத் துணிந்த உழவர்கள், அண்மையில் பெருநகர் ஆகிய நான்கும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன. 1947ஆம் ஆண்டு மே மாதம், போர்வீரர்களுக்கு 2,000 வாடகை வீடுகள் கட்டப்படும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. இரண்டே நாள்களில் அவற்றுள் பாதி வீடுகள் பதிவாகிவிட்டன.

எனினும் ஒரு தடை இருந்தது. வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கவேண்டும் என்பது அவ்வூராட்சியின் கட்டட விதி. நிலவறை தோண்டினால் செலவும் காலமும் கூடும். லெவிட் குடும்பத்தாரோ நிலத்தின்மேல் நேராகக் கான்கிரீட் தளம் அமைத்துக் கட்ட விரும்பினர். விதியை மாற்றுவது பற்றி ஆராய ஊராட்சி கூடியபோது, போர்வீரர்களும் குடும்பத்தாரும் திரளாக வந்து மாற்றம் வேண்டுமென வலியுறுத்தினர். மே 27ஆம் நாள் விதி மாற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் முதல் 300 குடும்பங்கள் குடிபுகுந்தன. மாத வாடகை 60 டாலர். 'ஐலண்ட் ட்ரீஸ்' என்னும் பழம்பெயரின் இடத்தில் 'லெவிட்டவுன்' என்னும் புதுப்பெயர் நிலைபெற்றது.

4. வீடு நிற்கும், வேலையாள் நகர்வார்

கார்த் தொழிற்சாலையில் தொழிலாளர் ஓரிடத்தில் நிற்பர்; உருவாகிக்கொண்டிருக்கும் கார் அவர்கள்முன் நகர்ந்து வரும். லெவிட்டவுனில் இம்முறை தலைகீழாக்கப்பட்டது. வீடு அதன் மனையில் நின்றது. தொழிலாளர் குழுக்கள் மனைவிட்டு மனை நகர்ந்தன.

வீடு கட்டும் வேலை 27 படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தனிக் குழு அமைந்தது. ஒரு குழு மண்ணைச் சமன்செய்து சென்றது. அடுத்த குழு செம்புக் குழாய்களைப் பதித்துக் கான்கிரீட் தளம் இட்டது. குளிர்காலத்தில் வெந்நீர் அக்குழாய்களில் ஓடித் தரையையும் அறையையும் வெதுவெதுப்பாக்கும். பின்னர் சுவர்ச்சட்டம் நிறுத்துவோர் வந்தனர்; அவர்களுக்குப் பின் கூரை வேய்வோர், மின்கம்பி பொருத்துவோர், வண்ணம் பூசுவோர் என ஒருவர் பின் ஒருவராக வந்து சென்றனர். ஒவ்வொருவரும் ஒரே வேலையை நாள்முழுதும் வீடுவீடாகச் செய்தனர். அதனால் எல்லா வேலையும் அறிந்த கைதேர்ந்த தச்சர்களும் கொத்தனார்களும் பலர் தேவைப்படவில்லை.

மரச்சட்டங்கள் அளவாக அறுக்கப்பட்டே வந்தன. மரத்துக்காகக் கலிஃபோர்னியாவில் சொந்த அறுவை ஆலை இருந்தது. ஆணிகள்கூட நிறுவனத்தாரே செய்துகொண்டவை. ஒவ்வொரு 60 அடிக்கும் ஒரு வீட்டுக்குரிய பொருள்களை லாரிகள் இறக்கிச் சென்றன. 1948ஆம் ஆண்டில் இவ்வேகம் உச்சத்தை அடைந்து, நாளொன்றுக்கு 30 வீடுகள் முடிந்தன. எட்டு மணி நேர வேலைநாளில் இது 16 நிமிடங்களுக்கு ஒரு வீடு என்றாகிறது.

ஒவ்வொரு மனையும் 60 அடி அகலமும் 100 அடி நீளமும் உடையது. சென்னைக் கணக்கில் இது இரண்டரை கிரவுண்டு. அதில் வீடு ஏறத்தாழ 750 சதுர அடி, அதாவது மனையில் எட்டில் ஒரு பங்குதான். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள், ஒரு குளியலறை ஆகியவை இருந்தன. குளிர்பதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் வீட்டோடு தரப்பட்டன. கூரைக்கு அடியில் மாடிப்பகுதி முடிக்கப்படாமல் விடப்பட்டது. குடும்பம் பெருகும்போது வீட்டுக்காரரே அதை அறையாக்கிக்கொள்ளலாம் என்பது ஆல்ஃபிரடின் எண்ணம்.

1949ஆம் ஆண்டு முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தன. புதிய வீட்டின் விலை 7,990 டாலர். போர்வீரர் முன்பணம் செலுத்தத் தேவையில்லை. வாடகையாகச் செலுத்தி வந்த தொகையைவிட மாதத் தவணை சற்றுக் குறைவாகவே இருந்தது. 1951ஆம் ஆண்டு கட்டுமானம் முடிந்தபோது லெவிட்டவுனில் 17,447 வீடுகள் இருந்தன.

5. வீடுகள் ஊரானமை

வீடுகள் ஒன்றுபோல் இருந்தன. ஆயினும் தெருக்கள் நேர்கோடாக அமையாமல் வளைந்து சென்றன. கடைகளும் விளையாட்டிடங்களும் நீச்சல் குளங்களும் ஆங்காங்கே அமைக்கப்பட்டன. ஆப்ரஹாம் லெவிட் ஒவ்வொரு மனையிலும் பழமரக் கன்றுகளை நடச் செய்தார். மரம் அரிதாக இருந்த சமவெளியில் ஆயிரக்கணக்கான மரங்கள் இவ்வாறு வேரூன்றின.

ஊருக்கு விதிகளும் இருந்தன. புல்தரையை வாரந்தோறும் வெட்டவேண்டும். வீட்டைச் சுற்றி வேலி போடக்கூடாது. வார இறுதியில் வெளியே துணி உலர்த்தக்கூடாது. எல்லா வீடும் ஒரே வடிவில் இருப்பதால் அங்கு வாழ்வோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல் ஆகிவிடுவர் என்று அறிஞர் சிலர் இகழ்ந்தனர்.

ஹெர்பர்ட் கான்ஸ் என்னும் சமூகவியலாளர் அக்கருத்தை நேரில் ஆராய விரும்பினார். லெவிட் நிறுவனம் பின்னர் நியூஜெர்சி மாநிலத்தில் கட்டிய ஊரில் 1958ஆம் ஆண்டு ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். அண்டை வீட்டாரோடு வாழ்ந்து கண்டவற்றை 1967ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஒரே வடிவ வீடு மனிதரை ஒரே வடிவினர் ஆக்கிவிடவில்லை என்பது அவருடைய முடிவு. மக்கள் சங்கங்கள் அமைத்தனர், வழிபாட்டிடங்கள் எழுப்பினர், பள்ளிக்காக வாதிட்டனர், நட்புக் கொண்டனர், பூசலிட்டனர். நிறுவனம் கட்டிக்கொடுத்தவை வீடுகள். அவற்றை ஊராக்கியவர்கள் அங்குக் குடியேறிய மக்கள்.

இம்மாற்றம் ஓர் ஊரோடு நிற்கவில்லை. லெவிட்டவுன் அமைந்த நாசோ மாவட்டத்தின் மக்கள்தொகை 1940இல் ஏறத்தாழ 4 இலட்சம். 1960இல் அது 13 இலட்சமாக உயர்ந்தது. இருபது ஆண்டுகளில் அம்மாவட்டத்தின் வயல்வெளிகள் பெரும்பாலும் புறநகர்களாயின.

6. மூடியிருந்த கதவு

போர்வீரர்களுக்காகக் கட்டிய ஊர் எனப்பட்டாலும், லெவிட்டவுன் எல்லாப் போர்வீரர்களுக்கும் உரியதாக இல்லை. தொடக்கக்கால வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. வெள்ளை இனத்தவர் தவிர வேறு எவரும் அவ்வீட்டில் குடியிருக்கக்கூடாது என்று அது கூறியது. வேலைக்காரராக இருப்பவருக்கு மட்டும் விலக்கு அளித்தது. கறுப்பின மக்களுள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதே போரில் பணியாற்றியவர்கள். அவர்களுள் வீடு கேட்டு வந்தோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதை ஒரு நிறுவனத்தின் தவறாக மட்டும் கொள்ள முடியாது. கடனுக்குக் காப்புறுதி அளித்த அரசுத் துறையே பல ஆண்டுகள் இத்தகைய கட்டுப்பாடுகளை ஊக்குவித்தது. பல இனத்தார் கலந்து வாழும் பகுதியில் வீட்டின் மதிப்புக் குறையும் என்று அது கருதியது. ஆகவே அரசின் உதவியால் எழுந்த வீடுகள் குடிமக்களுள் ஒரு பகுதியினருக்கு மறுக்கப்பட்டன.

1948ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் லெவிட்டவுன் ஒப்பந்தத்திலிருந்து அப்பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் நடைமுறை மாறவில்லை. எழுத்தில் இருந்த தடை, எழுதப்படாத தடையாகத் தொடர்ந்தது.

லெவிட் நிறுவனம் பென்சில்வேனியா மாநிலத்திலும் பண்ணை நிலங்களை வாங்கி, 1952ஆம் ஆண்டு முதல் மற்றொரு லெவிட்டவுனைக் கட்டியது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வில்லியம் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் அங்கு வாழ்ந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்கிக் குழந்தைகளோடு குடிபுகுந்தனர். வில்லியம் மயர்ஸும் படையில் பணியாற்றியவரே. அவ்வூரின் முதல் கறுப்பினக் குடும்பம் அது. செய்தி பரவியதும் வீட்டின்முன் கூட்டம் திரண்டது. இரவுதோறும் கூச்சல் எழுந்தது. கல் எறிந்து சன்னலை உடைத்தனர். மாநிலக் காவல்படை வரவேண்டியதாயிற்று.

அதே தெருவில் வேறு வகையினரும் இருந்தனர். அண்டை வீட்டார் சிலர் மயர்ஸ் குடும்பத்துக்குத் துணைநின்றனர். அதனால் அவர்களும் மிரட்டலுக்கு உள்ளாயினர், ஆயினும் விலகவில்லை. மயர்ஸ் குடும்பமும் வீட்டை விட்டுச் செல்லவில்லை. நீதிமன்றம் தொல்லை கொடுப்போருக்குத் தடை விதித்தது. நியூஜெர்சியில் கட்டப்பட்ட ஊரில் எல்லா இனத்தாருக்கும் வீடு விற்கவேண்டும் என்பது 1960ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியாயிற்று. 1968ஆம் ஆண்டு, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது.

சட்டம் வந்தபோது வீடுகளின் விலை ஏறியிருந்தது. தொடக்கத்தில் மலிவாக வாங்கியவர்களின் குடும்பத்துக்கு அவ்வீடே செல்வமாயிற்று. பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் அது கைகொடுத்தது. மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அச்செல்வம் வந்து சேரவில்லை. கதவு பின்னர் திறந்தபோதிலும், அது மூடியிருந்த ஆண்டுகளின் இழப்பு அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது.

7. இன்றைய லெவிட்டவுன்

நியூயார்க் மாநிலத்து லெவிட்டவுனில் இன்று ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கின்றனர். ஒன்றுபோல் இருந்த வீடுகள் இன்று ஒன்றுபோல் இல்லை. சிலர் மாடி எடுத்தனர். சிலர் கார்க்கொட்டகை சேர்த்தனர். சிலர் முகப்பை மாற்றினர். முதலில் கட்டிய வடிவிலேயே நிற்கும் வீட்டைக் காண்பது இப்போது அரிது. வீரர்களின் குடும்பங்களுக்காக மலிவாகக் கட்டிய வீடுகள் இன்று எளிய குடும்பத்தாரால் வாங்க இயலாத விலையில் உள்ளன. கறுப்பின மக்கள் அங்கு இன்றும் மிகக் குறைவாகவே வாழ்கின்றனர்.

ஹெம்ப்ஸ்டெட் சமவெளியின் பழைய புல்வெளியில் மிகச் சிறு பகுதிகளே எஞ்சியுள்ளன. கல்லூரி வளாகம் ஒன்றில் சுமார் 19 ஏக்கர் நிலம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. முன்பு எங்கும் பரந்திருந்த புல்லை இன்று காண விரும்புவோர் அவ்விடத்தைத் தேடிச் செல்லவேண்டியுள்ளது.

பண்டைத் தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தனர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தொழிலையும் மக்களையும் சேர்த்தே எண்ணினர். அவ்வகையில் நோக்கினால், ஆடுமாடு மேய்ந்தபோது ஹெம்ப்ஸ்டெட் சமவெளி முல்லையை ஒத்திருந்தது. உழுதபோது மருதத்தை ஒத்தது. குடியிருப்பானபின் நிலத்துக்கென்று ஒரு தொழில் இல்லை. மக்கள் வேறிடம் சென்று உழைத்துவிட்டு அங்கு உறங்க வந்தனர். அவர்களுக்கு வீடு தேவை என்பது உண்மை. அத்தேவைக்காக வயல் மறைந்தது என்பதும் உண்மை. தேவையுடைய எல்லாருக்கும் அவ்வீடு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஓர் ஊரின் வரலாற்றை எழுதுவோர் இம்மூன்று உண்மைகளையும் சேர்த்தே எழுதவேண்டும்.

சொல்லும் பொருளும்

பெருமந்தம் – தொழிலும் வணிகமும் நெடுங்காலம் வீழ்ந்திருக்கும் நிலை
பிணை – பிறர் கடனுக்குத் தாம் பொறுப்பேற்றல்
மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம், வீடு
நிலவறை – வீட்டின் தரைக்கு அடியில் உள்ள அறை
தவணை – கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
புறநகர் – நகரை அடுத்துள்ள குடியிருப்புப் பகுதி

மொழியை அறிவோம்: வினைத்தொகை

'விளைநிலம்' என்னும் சொல்லைக் கவனிக்க. இதனை விளைந்த நிலம், விளைகின்ற நிலம், விளையும் நிலம் என மூன்று காலத்துக்கும் விரித்துப் பொருள் கொள்ளலாம். காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது. இவ்வாறு மூன்று காலத்துக்கும் பொருந்துமாறு வினைப்பகுதியும் பெயரும் சேர்ந்து வருவது வினைத்தொகை எனப்படும். குடிநீர், ஊறுகாய், சுடுசோறு ஆகியனவும் வினைத்தொகைகளே.

சொல் வளம்: 'குடி'

'குடி' என்னும் சொல் குடும்பத்தையும் மக்களையும் வாழும் இடத்தையும் குறிக்கும். அதிலிருந்து பிறந்த சொற்கள் பல: குடிசை, குடியிருப்பு, குடிபுகுதல், குடியேற்றம், குடிபெயர்தல், குடிமகன், குடியரசு. காரைக்குடி, தூத்துக்குடி, மன்னார்குடி போன்ற ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் உள்ளது.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. லெவிட்டவுன் அமைந்த பகுதியின் பழைய பெயர் ________.
(அ) ரூஸ்வெல்ட் களம் (ஆ) ஐலண்ட் ட்ரீஸ் (இ) நார்ஃபோக் (ஈ) சிகாகோ

2. வீட்டு வேலை ________ படிகளாகப் பிரிக்கப்பட்டது.
(அ) 16 (ஆ) 19 (இ) 27 (ஈ) 60

3. 'புறநகர்' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________.
(அ) புற + நகர் (ஆ) புறம் + நகர் (இ) புறா + நகர் (ஈ) புறந + கர்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் புழு ________.
2. முதல் 300 குடும்பங்கள் குடிபுகுந்த ஆண்டு ________.
3. 1951இல் லெவிட்டவுனில் இருந்த வீடுகளின் எண்ணிக்கை ________.

இ. குறுவினா: ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. 'ஐலண்ட் ட்ரீஸ்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. நிலவறை பற்றிய விதி ஏன் மாற்றப்பட்டது?
3. மாடிப்பகுதி முடிக்கப்படாமல் விடப்பட்டதன் நோக்கம் என்ன?

ஈ. சிறுவினா: ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. கார்த் தொழிற்சாலை முறையும் லெவிட்டவுன் கட்டுமான முறையும் எவ்வாறு வேறுபட்டன?
2. 1948ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் கறுப்பின மக்களுக்கு வீடு கிடைக்காமைக்குக் காரணம் என்ன?

உ. சிந்தனை வினா

1. 'நிறுவனம் கட்டிக்கொடுத்தவை வீடுகள். அவற்றை ஊராக்கியவர்கள் அங்குக் குடியேறிய மக்கள்.' இக்கருத்தை உங்கள் குடியிருப்போடு பொருத்தி விளக்குக.
2. லெவிட்டவுன் நிலத்தைப் பற்றிக் கூறும்போது 'விளைநிலம்' என்னும் வினைத்தொகையை எந்தக் காலத்தில் விரிப்பது பொருந்தும்? காரணத்துடன் எழுதுக.
3. மயர்ஸ் குடும்பத்துக்குத் துணைநின்ற அண்டை வீட்டார் ஒருவர் தம் நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பார்? பத்து வரிகளில் கற்பனை செய்து எழுதுக.

ஊ. கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் பகுதியில் நெடுநாள் குடியிருக்கும் மூத்தவர் ஒருவரை அணுகி, அந்நிலத்தில் முன்பு என்ன இருந்தது, முதலில் குடியேறியவர்கள் யார், எங்கிருந்து வந்தனர் எனக் கேட்டறிக. அவர் வேறு மொழியில் விடை கூறினால் அதைத் தமிழில் எழுதுக.
2. உங்கள் பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியின் சொந்த ஊர்ப்பெயர் எவ்வாறு முடிகிறது? ஊர், குடி, பட்டி, பாக்கம், புரம், பேட்டை, நகர் ஆகியவற்றுள் ஒன்றா? அம்முடிவின் பொருளை வீட்டாரிடம் கேட்டு வகுப்பில் கூறுக.
3. 'குடி' என்னும் சொல்லிலிருந்து பிறந்த சொற்களுள் எவையேனும் நான்கினைப் பயன்படுத்தி, உங்கள் குடும்பம் இப்போது வாழும் ஊருக்கு வந்த வரலாற்றை ஒரு பத்தியில் எழுதுக.